நோய்க்காலக் குரல்கள் – 9: ‘மருந்து கிடையாது’ என்ற சுவரொட்டி

2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தி இதுதான்: எபோலா ஆளைக் கொல்லும், அதற்கு மருந்து கிடையாது. பயந்தால் ஜனங்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்று அதிகாரிகள் நம்பினார்கள். சொன்னது பொய்யுமல்ல. அப்போது எபோலாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தோ தடுப்பூசியோ இல்லை.

கேட்டவர்கள் போட்ட கணக்கு வேறு. மருந்தே இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போக வேண்டும்? முகம்கூடத் தெரியாத கவச உடைக்காரர்கள் நடுவே சாவதைவிட வீட்டில், பெற்றவள் பக்கத்தில் சாகலாமே! இதை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். கொடுத்த தகவலை நம்பிய எவரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். நோயாளிகளை வீட்டிலேயே மறைத்துவைத்தார்கள். பணிவிடை செய்தவர்களும் அடுத்தடுத்துப் படுத்தார்கள்.

சுவரொட்டி சொல்லாமல் விட்ட பாதிதான் உயிர் காக்கக்கூடியது. வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் சீக்கிரமே ஈடுகட்டினால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். ‘காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள், பிழைக்கலாம்’ என்ற செய்தி தாமதமாகத்தான் வந்தது.

காட்டு விலங்கின் இறைச்சியைத் தொடாதீர்கள் என்ற பிரசாரமும் எடுபடவில்லை. பாட்டன் காலத்திலிருந்து அதைச் சாப்பிட்டவர்கள் எப்படி நம்புவார்கள்? அதற்குள் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு அல்லவா தொற்றிக்கொண்டிருந்தது! அவநம்பிக்கை முற்றிய கினியில், செப்டம்பர் மாதம் வோமே கிராமத்துக்கு நோயைப் பற்றி விளக்கப் போன குழுவினரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பிணத்தைப் பற்றிப் பேசுவது. எபோலாவில் இறந்தவரின் உடலில் கிருமி மிக அதிகம். குளிப்பாட்டுகிறவருக்கும் தொட்டு அழுகிறவருக்கும் அது தொற்றும். ஆகஸ்டில் லைபீரிய அரசு தலைநகர் மன்ரோவியாவில் எபோலாவில் இறந்தவர்களின் உடல்களை எரிக்க உத்தரவிட்டது. மருத்துவக் கணக்கில் சரி. ஆனால் அது புதைக்கும் ஊர். ஆண்டுதோறும் மார்ச்சில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூ வைப்பதற்கென்றே அங்கு ஒரு விடுமுறை நாள் உண்டு. எரித்துவிட்டால் எந்தக் கல்லறைக்குப் போவது? நோயாளிகளை மறைக்க இன்னொரு காரணம் சேர்ந்தது. ரகசியமாகப் புதைப்பதும் நடந்தது.

நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்குப் புதிய நெறிமுறை வெளியிட்டது. அதில் ‘பாதுகாப்பான’ என்பதோடு ‘கண்ணியமான’ என்பதும் சேர்ந்திருந்தது. முதலில் குடும்பத்திடம் பேச வேண்டும். பாதிரியாரோ இமாமோ பிரார்த்தனை செய்ய இடம் தர வேண்டும். கல்லறைக்கு அடையாளம் வைக்க வேண்டும். கிருமியைப் பற்றிய அறிவியலில் எந்த மாற்றமும் இல்லை. குடும்பத்தாரோடு பேசும் முறைதான் மாறியது.

டிசம்பரில் மன்ரோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் இடுகாடு திறக்கப்பட்டது. எரிப்பது நின்றது. உறவினர்கள் சற்றுத் தள்ளி நின்று அடக்கத்தைப் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள்.

(தொடரும்)