உற்பத்தி நின்று ஐம்பது வருடம். வியாபாரம் இன்னும் நிற்கவில்லை

‘ஒட்டோ கியர் வாகனமா? வேண்டாம் நானா, பெட்டி போனால் வாகனத்தின் பாதி விலையும் சேர்ந்து போகும்.’

பாவித்த வாகனம் ஒன்றை வாங்கப் போகும் எவரும் தரகரிடமோ கராஜ்காரரிடமோ ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வார்த்தை இது. ஒட்டோ கியர் என்றால் மென்மையானது, சொகுசுக்காரர்களுக்கானது, கடும் வேலைக்குத் தாங்காது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஆனால் அமெரிக்காவின் ‘ட்ரேக் ரேஸ்’ எனப்படும் நேர்ப்பாதை ஓட்டப் போட்டிகளுக்குச் சென்று பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். ஆயிரம் குதிரைவலுவுக்கு மேல் கக்கும் இயந்திரங்களின் பின்னால் அங்கே பூட்டப்பட்டிருப்பவற்றில் கணிசமானவை ஒட்டோ கியர் பெட்டிகளே. அவற்றிலும் பெயர்பெற்ற ஒன்று, 1950இல் சாதாரண குடும்பக் காருக்காக வடிவமைக்கப்பட்ட இரண்டே கியர் கொண்ட பெட்டி! அதனைத் தயாரித்த ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1973இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் அதனை நம்பி இன்றும் பல சிறு தொழிலகங்கள் பிழைத்துக் கொண்டிருக்கின்றன.

இது எப்படிச் சாத்தியமானது? பொருள் விற்கும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

யுத்த டாங்கியில் பிறந்த நம்பிக்கை

பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது முழுமையான ஒட்டோ கியர் பெட்டி ‘ஹைட்ராமெட்டிக்’ ஆகும். ஜெனரல் மோட்டர்ஸ் 1939இன் பிற்பகுதியில், 1940ஆம் ஆண்டு மாதிரி ஒல்ஸ்மொபில் கார்களுக்காக அதனை அறிமுகப்படுத்தியது. மக்கள் முதலில் சந்தேகத்துடனேயே பார்த்தனர். பின்னர் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. அமெரிக்க இராணுவத்தின் எம்-5 இலகு ரக டாங்கியில் இரண்டு கெடிலக் இயந்திரங்களும் அவற்றுடன் ஹைட்ராமெட்டிக் பெட்டிகளும் பொருத்தப்பட்டன. சேற்றிலும் மேட்டிலும் டாங்கியை இழுத்த பெட்டி காரை இழுக்காதா என்று யுத்தத்திற்குப் பின்னர் நிறுவனம் விளம்பரம் செய்ய முடிந்தது. கடும் பாவனையில் தேறிய பொருளுக்குத் தனியாக அறிமுகம் தேவையில்லை.

இரண்டு கியர் போதும்

1950இல் செவ்ரலே கார்களுக்கு ‘பவர்கிளைட்’ வந்தது. விலை குறைந்த காருக்கான பெட்டி என்பதால் அது முடிந்தவரை எளிமையாகச் செய்யப்பட்டிருந்தது. முன்செல்ல இரண்டு கியர், பின்செல்ல ஒன்று. இயந்திரத்தின் சக்தியை எண்ணெயின் சுழற்சியால் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டர், ஒரேயொரு கோள் பற்சில்லுத் தொகுதி, அதனை இறுக்கிப் பிடிக்கப் பட்டியும் கிளட்சும். அதன் உள்ளே இருந்த முக்கிய சாமான்கள் இவ்வளவுதான். ஆரம்பத்தில் வார்ப்பிரும்பில் இருந்த கூடு 1962 முதல் அலுமினியத்திற்கு மாறியது, பாரமும் குறைந்தது.

வீதிப் பாவனையில் பவர்கிளைட் ஒன்றும் அபாரமான பெட்டியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு கியர் மட்டும் இருந்ததால் கார் மந்தமாகவே வேகமெடுத்தது. மூன்று கியர் பெட்டிகள் பரவியதும் அதன் காலம் முடிந்தது.

பலசாலிச் சகோதரர்கள்

அதே காலத்தில் உருவான வேறு இரண்டு பெட்டிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, கிறைஸ்லர் நிறுவனத்தின் ‘டோர்க்பிளைட்’. 1956இல் அறிமுகமான இந்த மூன்று கியர் பெட்டியின் ‘727’ எனப்படும் அலுமினிய வடிவம் 1962இல் வந்தது. கையால் கியர் போடுபவனே உண்மையான ஓட்டப் பந்தயக்காரன் என்றிருந்த காலத்தில், பெரிய இயந்திரத்துடன் இந்தப் பெட்டியைப் பூட்டிய டொட்ஜ், பிளிமத் கார்கள் நேர்ப்பாதைப் போட்டிகளில் வெல்லத் தொடங்கின. ஒட்டோவை ஏளனம் செய்தவர்கள் அதன் பிறகுதான் அடங்கினார்கள்.

மற்றையது, 1964இல் கெடிலக், பியூக் கார்களுக்காக ஜெனரல் மோட்டர்ஸ் வெளியிட்ட ‘டர்போ ஹைட்ராமெட்டிக் 400’. இதனை வாங்கியவர்களின் பட்டியலே அதன் தரத்துக்குச் சாட்சி. ரோல்ஸ் ரொய்ஸ் தனது சில்வர் ஷடோ காரில் இதனைப் பொருத்தியது. ஜகுவார் தனது 12 சிலிண்டர் கார்களுக்கு இதனையே எடுத்தது. 1976இல் பெராரி தனது முதலாவது ஒட்டோ காரை வெளியிட்டபோது அதற்குள் இருந்ததும் இதே அமெரிக்கப் பெட்டிதான். பின்னர் அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீ வாகனத்திலும் இது வேலை செய்தது.

உலகிலேயே விலை உயர்ந்த கார்களைச் செய்பவர்கள்கூட, மற்றவர் நன்றாகச் செய்யும் பொருளைத் தாமும் செய்ய முயன்று காசை வீணாக்கவில்லை. விலைக்கு வாங்கிக் கொண்டார்கள். இதில் கௌரவக் குறைவு எதுவும் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை.

போட்டித் திடலில் என்ன நடக்கிறது?

ட்ரேக் ரேஸ் என்பது பெரும்பாலும் கால் மைல் அல்லது எட்டிலொரு மைல் தூரம். சில வினாடிகளில் முடிந்துவிடும். அங்கே ஒவ்வொரு கியர் மாற்றமும் நேர விரயம். பவர்கிளைட்டில் ஒரேயொரு மாற்றம்தான். உள்ளே சுழலும் பாகங்கள் குறைவு என்பதால் பெட்டியைச் சுற்றுவதற்கே வீணாகும் சக்தியும் குறைவு. முதலாம் கியர் அதிகம் இழுவை தராதது வீதியில் குறைபாடாக இருந்தது. போட்டியிலோ அதுவே அனுகூலமாக மாறியது. மிதமிஞ்சிய சக்தியில் சில்லு வழுக்காமல் கார் பாய்வதற்கு அது உதவுகிறது.

போட்டிக்காரர்கள் இன்னொரு உபாயத்தையும் கண்டுபிடித்தார்கள். ‘ட்ரான்ஸ் பிரேக்’ எனும் அமைப்பு முதலாம் கியரையும் பின் கியரையும் ஒரே நேரத்தில் பிடிக்கச் செய்து பெட்டியைப் பூட்டிவிடும். சாரதி எக்ஸலேட்டரை முழுதாக மிதித்தாலும் கார் அசையாது. விளக்கு எரிந்ததும் பொத்தானை விட்டால் போதும், கார் அம்பு போலப் புறப்படும்.

இதிலும் ‘பிரக்கட் ரேஸ்’ என்ற வகை நமது கவனத்துக்குரியது. சாரதி தனது கார் எத்தனை வினாடியில் ஓடும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான காருக்கு அந்த வித்தியாசம் முன்புறப்பாடாகக் கொடுக்கப்படும். எழுதிக் கொடுத்த நேரத்தை விட வேகமாக ஓடினால் தோல்வி. சொன்ன நேரத்துக்கு மிக அண்மித்து, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓடும் கார்தான் இங்கே வெல்லும். மனிதனின் கையும் காலும் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு இன்னொரு மாதிரி. ஒட்டோ பெட்டி அப்படியல்ல. சொன்ன சொல்லைச் சொன்னபடி நிறைவேற்றுபவனுக்கே வெற்றி என்ற இந்த விதி, கடை வைத்திருப்பவர்களுக்குப் புதியதல்ல.

சில வினாடி ஓடுவது பெரிய காரியமா, மணிக்கணக்கில் தாங்குமா என்று யாராவது கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த ஜிம் ஹோல் தனது ‘சபரல்’ பந்தயக் கார்களில், ஜெனரல் மோட்டர்ஸின் உதவியோடு, கிளட்ச் மிதி இல்லாத, டோர்க் கன்வேர்ட்டருடன் கூடிய பெட்டியைப் பொருத்தினார். 1965இல் புளோரிடாவின் செப்ரிங் 12 மணித்தியாலப் போட்டியில், கொட்டும் மழைக்கு மத்தியில், ஹெப் ஷார்ப்புடன் சேர்ந்து அவர் வென்றார். அடுத்த வருடம் ஜேர்மனியின் நூர்பர்கிரிங் 1000 கிலோமீற்றர் போட்டியிலும் சபரல் கார் வெற்றி பெற்றது.

நீடித்து உழைப்பதன் இரகசியம்

இப்பொழுது நமது கேள்விக்கு வருவோம். இந்தப் பெட்டிகள் உடையவே உடையாதவையா? இல்லை. போட்டிக் கார்களில் அவை உடைகின்றன, எரிகின்றன, குறிப்பிட்ட ஓட்டங்களுக்கு ஒரு தடவை கழற்றப்பட்டு உராய்வுத் தட்டுகளும் சீல்களும் மாற்றப்படுகின்றன. கொம்பனியிலிருந்து வந்த சாதாரண பவர்கிளைட் ஆயிரம் குதிரைவலுவை ஒரு நாளும் தாங்காது. அதனைத் தாங்க வைத்தது பின்னால் உருவான தொழில்.

உள்ளே பாகங்கள் குறைவு, அமைப்பு விளங்கக்கூடியது, இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் பழைய பெட்டி எங்கும் கிடைத்தது. எனவே சிறு வேலைத்தளக்காரர்கள் துணிந்து கழற்றிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டார்கள். அந்தப் பாகத்தை மாத்திரம் மேலும் பலமாகச் செய்து விற்றார்கள். கலிபோர்னியாவில் 1953இல் ஆரம்பித்த ‘பி அன்ட் எம்’ போன்ற நிறுவனங்கள் இப்படித்தான் வளர்ந்தன. தண்டு, பற்சில்லு, கிளட்ச் கூடு, கடைசியில் வெளிக்கூடு வரை எல்லாமே இன்று புதிதாகக் கிடைக்கின்றன. ஜெனரல் மோட்டர்ஸ் செய்த ஓர் ஆணிகூட இல்லாத பவர்கிளைட்டை இன்று பூட்டிவிடலாம்!

ஆக, நீடித்து உழைப்பது என்றால் உடையாமல் இருப்பது அல்ல. உடைந்தால் திருத்தக்கூடியதாக இருப்பதும், திருத்துவதற்குப் பாகமும் ஆளும் கிடைப்பதுமே நீடித்த உழைப்பு. விற்றுவிட்டுக் கதவைச் சாத்தும் வியாபாரி ஒரு தடவைதான் சம்பாதிப்பார். உதிரிப்பாகத்தையும் திருத்த வேலையையும் சேர்த்து வைத்திருப்பவரைத் தேடி வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார்.

நமது வாகனங்களுக்கும் இதுவே பாடம்

இந்த அமெரிக்கக் கதைக்கும் நமது வீதியில் ஓடும் ஜப்பானிய வாகனங்களுக்கும் உறவு இருக்கிறது. 1969இல் ஜப்பானின் ஐசின் நிறுவனமும் அமெரிக்காவின் போர்க் வோர்னர் நிறுவனமும் சேர்ந்து ‘ஐசின் வோர்னர்’ கூட்டு நிறுவனத்தை ஆரம்பித்தன. டொயோட்டா வாகனங்களில் நாம் காணும் ஒட்டோ பெட்டிகள் பலவற்றின் பூர்வீகம் அங்கேதான்.

பழைய பெட்டியானாலும் புதிய பெட்டியானாலும் முதல் எதிரி சூடு. ஒயிலின் வெப்பநிலை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் இருக்கும்வரை நல்லது. அதற்கு மேல் சுமார் 11 பாகை கூடும் ஒவ்வொரு தடவையும் ஒயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. போட்டிக்காரர்கள் முதலில் பொருத்தும் மேலதிகச் சாமான் ஒயில் கூலர்தான். காரணம் இதுவே.

இரண்டாவது எதிரி, பிழையான ஒயில். பழைய போர்ட் பெட்டிகளுக்கு ஒரு ஒயில், ஜெனரல் மோட்டர்ஸ் பெட்டிகளுக்கு வேறொன்று. இரண்டினதும் உராய்வுத் தன்மை வேறு. ‘ஒட்டோ ஒயில் எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்பவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள். சீவிரி வகை வாகனத்துக்கு அதற்கென்றே உள்ள ஒயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

பாவித்த ஒட்டோ வாகனம் வாங்கும்போது இயந்திரம் ஆறியிருக்கும் நேரத்தில் சென்று பாருங்கள். ஒயில் பார்க்கும் கம்பி இருந்தால் இழுத்து முகர்ந்து பாருங்கள். கறுத்து, கருகிய மணம் வந்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. என்-இலிருந்து டி-க்கு மாற்றியதும் உடனே பிடிக்க வேண்டும். தாமதித்து ‘டக்’ என்று பிடித்தால் யோசிக்க வேண்டும். வழியில் நின்றுபோனால் ஓட்டும் சில்லுகளை நிலத்தில் உருள விட்டு இழுத்துச் செல்லாதீர்கள்; தூக்கியே கொண்டு செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. விலை பேசுவதற்கு முன்னால், அந்த மாதிரிப் பெட்டிக்குப் பாகம் எங்கே கிடைக்கும், திருத்தத் தெரிந்தவர் யார் என்று விசாரியுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் ஒட்டோவுக்குப் பயப்படத் தேவையில்லை. பதில் கிடைக்காவிட்டால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அது மலிவல்ல.