ஊதிய பலூனும் காலியாகாத அறையும்

“கணிப்பொறி தவறு செய்வதில்லை, அதற்குக் கட்டளையிடுபவரே தவறு செய்கிறார்” என்று வகுப்பறையில் நான் பலமுறை கூறியதுண்டு. அந்தச் சொல் என் மீதே திரும்பிய ஒரு நாளைப் பற்றியும், அன்று நான் கற்ற பாடத்தைப் பற்றியும் இம்மலரில் எழுத விரும்புகிறேன். பொருள் கணிப்பொறித் துறைக்கு உரியதாயினும், பிற துறை மாணவர்களுக்கும் விளங்கும்படி எளிமையாகவே சொல்ல முயல்கிறேன்.

அன்று நடந்தது

எங்கள் ஆய்வகத்தில் சர்வர் ஒன்று உண்டு. அதன் நினைவகம் 64 ஜிகாபைட். மாணவர்களின் மேசைகளில் இருப்பவை பழைய கணிப்பொறிகள். அவை திரையும் விசைப்பலகையுமாகவே பயன்படுகின்றன. உண்மையான வேலை சர்வருக்குள் இயங்கும் ‘மெய்நிகர் எந்திரங்களில்’ நடைபெறுகிறது. அதாவது, ஒரே பெரிய கணிப்பொறி, மென்பொருளின் துணையால், பல சிறு கணிப்பொறிகளாகத் தோற்றமளிக்கிறது. மாணவர் ஒருவருக்கு ஓர் எந்திரம். எந்திரம் ஒன்றுக்கு 4 ஜிகாபைட். இருபது பேருக்கு 80 ஜிகாபைட் வேண்டும், இருப்பதோ 64. ஆயினும் ஆண்டு முழுவதும் குறையொன்றும் நேரவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தம் பங்கு முழுவதையும் பயன்படுத்துவதில்லை அல்லவா? திருமண வீட்டில் ஆயிரம் பேருக்கு அழைப்பு வைத்து, இருநூறு இலை பந்திக்கு இடம் அமைப்பதைப் போன்றதே இது.

செய்முறைத் தேர்வுக்கு முந்திய நாள் எனக்கு ஓர் ஆசை எழுந்தது. எந்திரங்கள் இன்னும் விரைந்து இயங்க வேண்டும் என்று, சர்வரின் நினைவகத்தில் 60 ஜிகாபைட்டைப் ‘பெரும்பக்கங்களாக’ ஒதுக்கி வைத்தேன். மறுநாள் காலை புறத் தேர்வாளர் வந்து அமர்ந்தார். பதினைந்து எந்திரங்கள் எழுந்தன. பதினாறாவது எழவில்லை. ‘நினைவகம் போதவில்லை’ என்றது திரை.

நான் கலங்கவில்லை. ‘பலூன்’ என்னும் உத்தி கைவசம் இருந்தது. இயங்கிக் கொண்டிருந்த பதினைந்து எந்திரங்களிலிருந்தும் ஆளுக்கு 1 ஜிகாபைட்டைத் திரும்ப வாங்கினேன். பதினைந்து ஜிகாபைட் கிடைத்தால், மீதி ஐந்து எந்திரங்களையும் 3 ஜிகாபைட் வீதம் இயக்கிவிடலாம். கணக்கு சரி. பதினைந்து எந்திரங்களிலும் நினைவகம் குறைந்ததை என் கண்ணாலேயே கண்டேன். ஆனால் சர்வரில் காலியான பெரும்பக்கங்கள் எத்தனை என்று பார்த்தால், பூஜ்யம்! கொடுத்தவர்கள் இழந்தார்கள், வாங்கியவனுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

ஐந்து மாணவர்கள் நின்றுகொண்டே இருந்தனர். அவர்களுள் ஒரு மாணவி, முந்தைய பருவத்தில் இதே தாளில் தவறியவர். வீட்டில் கணிப்பொறி இல்லாதவர். இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருபவர். “சார், என் மிஷின் மட்டும் வரலைங்க” என்றார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தன் மீதே ஏதோ குறை என்ற அச்சம்தான் இருந்தது. எனக்குப் பெரிதும் வெட்கமாயிற்று.

பக்கம் என்றால் என்ன?

நான் செய்த பிழையை விளக்குமுன், நினைவகத்தில் ‘பக்கம்’ என்பது யாது என அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ‘அட்லஸ்’ கணிப்பொறியில்தான், நினைவகத்தைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கும் முறை முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. டாம் கில்பர்னும் அவர்தம் குழுவினரும் வகுத்த முறை அது. நிரல் கேட்கும் முகவரி வேறு. நினைவகத்தில் அது உண்மையில் இருக்கும் இடம் வேறு. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுவது பக்க அட்டவணை.

இன்று பரவலாக வழங்கும் 64-பிட் கணிப்பொறிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட். 4 ஜிகாபைட் நினைவகத்தில் இத்தகைய பக்கங்கள் 10,48,576 இருக்கும். இத்தனைக்கும் முகவரி வைத்துத் தேட வேண்டுமாதலால், அட்டவணை நான்கு அடுக்குகளாக அமைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் நான்கு அடுக்கையும் புரட்டிக் கொண்டிருந்தால் வேலை நடக்குமா? எனவே, அண்மையில் கண்ட முகவரிகளைச் செயலி ஒரு சிறு கைக்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. இதனை டி.எல்.பி. என்பர். குறிப்பில் இருந்தால் உடனே கிடைக்கும்; இல்லாவிட்டால் அட்டவணையைப் புரட்டத்தான் வேண்டும்.

மெய்நிகர் எந்திரத்தில் இத்தொல்லை பன்மடங்காகிறது. விருந்தினராகிய எந்திரத்துக்கு ஓர் அட்டவணை. இடம் கொடுத்த சர்வருக்கு மற்றோர் அட்டவணை. விருந்தினரின் ஒவ்வோர் அடுக்கையும் பார்ப்பதற்குச் சர்வரின் நான்கு அடுக்குகளையும் பார்க்க வேண்டும். இவ்வாறு ஒரே ஒரு முகவரியைக் கண்டறிய 24 முறை வரை நினைவகத்தைத் தொட நேரும்.

இதற்கு மருந்தே பெரும்பக்கம். இதன் அளவு 2 மெகாபைட். 512 சிறு பக்கங்கள் சேர்ந்தது ஒரு பெரும்பக்கம். இதனால் இரு பக்கமும் ஓர் அடுக்கு குறைந்து, 24 என்பது 15 ஆகிறது. கைக்குறிப்பில் ஆயிரம் வரிகள் உள்ளன என்று கொள்வோம். சிறு பக்கமாயின் அவை ஏறத்தாழ 4 மெகாபைட்டுக்கே வழிகாட்டும். பெரும்பக்கமாயின் ஏறத்தாழ 2 ஜிகாபைட்டுக்கு வழிகாட்டும். விரைவு கூடுவதற்குக் காரணம் இதுவே.

பலூனின் வேலை

இனி பலூனுக்கு வருவோம். விருந்தினருக்குக் கொடுத்த நினைவகத்தில் எது தேவை, எது தேவையற்றது என்பது சர்வருக்குத் தெரியாது. தானாக ஒன்றைப் பிடுங்கினால், மிகத் தேவையானதையே பிடுங்கிவிடக் கூடும். வீட்டுப் பரணில் உள்ளவற்றுள் வேண்டாதது எது என்பது வீட்டுக்காரருக்கு அல்லவா தெரியும்?

2002 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த இயக்க முறைமை மாநாட்டில், வி.எம்.வேர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் இதற்கு ஓர் அழகிய வழியை விளக்கினார். விருந்தினருக்குள்ளேயே ஒரு சிறு நிரல் வைக்கப்படும். சர்வருக்கு இடம் தேவைப்படும்போது அந்நிரல், “எனக்கு நினைவகம் வேண்டும்” என்று விருந்தினரின் இயக்க முறைமையைக் கேட்கும். அதுவும், தனக்கு அதிகம் பயன்படாத பக்கங்களாகப் பார்த்துக் கொடுக்கும். நிரல் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அவற்றின் எண்களைச் சர்வருக்குத் தெரிவிக்கும். சர்வர் அப்பக்கங்களுக்குப் பின்னாலிருந்த உண்மையான நினைவகத்தை எடுத்துப் பிறருக்கு வழங்கும். அறைக்குள் பலூன் ஊதினால் மற்றப் பொருள்கள் ஒதுங்குவது போல் இருப்பதால், இது பலூன் எனப் பெயர் பெற்றது. நெருக்கடி தீர்ந்ததும் பலூனைச் சுருக்கிவிடலாம்.

வியப்பு என்னவெனில், அதே மாநாட்டில்தான் ஹுவான் நவாரோவும் அவருடன் மூவரும், பெரும்பக்கங்களை இயக்க முறைமை தானாகவே கையாளும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை படைத்தனர். ஒரே மேடையில் அறிமுகமான இரு நல்ல கருத்துகள் ஒரே கணிப்பொறியில் சந்திக்கும்போது ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலில்தான் நான் அகப்பட்டேன்.

விடுதிக் காப்பாளரின் கணக்கு

மோதல் யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நம் மாணவர் விடுதியில் இருபது பெரிய அறைகள். அறைக்கு இருபது கட்டில்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்தல் பணிக்கு வருவோர் தங்க ஓர் அறையைக் காலி செய்து தருமாறு ஆணை வருகிறது. காப்பாளர், அறைக்கு ஒரு மாணவராக இருபது பேரை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். இருபது கட்டில்கள் காலி. ஆனால் ஓர் அறையாவது காலியா? இல்லை. மாணவர்களும் போனார்கள், அறையும் கிடைக்கவில்லை.

பலூன் செய்ததும் இதுவே. பரவலாக வழங்கும் விர்ட்ஐஓ தர முறையில், பலூன் எப்போதும் 4 கிலோபைட் பக்கங்களாகவே கணக்கிடுகிறது. விருந்தினரின் இயக்க முறைமையோ, ஒரு சிறு பக்கம் கேட்டால் தன்னிடம் சிதறிக் கிடக்கும் துண்டுகளிலிருந்தே முதலில் எடுத்துக் கொடுக்கும். கையில் சில்லறை இருக்கும்வரை நாம் நூறு ரூபாய்த் தாளை மாற்றுவதில்லை. அதைப் போன்றதே இது. ஆகவே பலூன் பெற்ற பக்கங்கள் நினைவகமெங்கும் சிதறிக் கிடந்தன. நான் ஒதுக்கி வைத்த பெரும்பக்கமோ 512 துண்டுகளும் ஒருசேரக் காலியானால் ஒழியத் திரும்பப் பெற முடியாதது.

சர்வர் தானாகச் சேர்த்து வைத்த பெரும்பக்கமாயின் வேறு வகைத் துன்பம். லினக்ஸில் 2011 முதல் இவ்வசதி உண்டு. அங்கே பலூன் ஒரு சிறு பக்கத்தைத் திரும்பக் கொடுத்தால், பெரும்பக்கம் உடைந்து 512 துண்டுகளாகும். இடம் கிடைக்கும், விரைவு போய்விடும்.

தீர்வுகள்

அறிஞர்கள் இதற்குச் சில வழிகள் கண்டுள்ளனர். முதலாவது, பலூனே 2 மெகாபைட் தொகுதிகளாகக் கேட்பது. லினக்ஸிலுள்ள வி.எம்.வேர் பலூன் நிரலில் இவ்வசதி 2015இல் சேர்க்கப்பட்டது. காப்பாளர் அறை அறையாகக் காலி செய்வதற்கு இது ஒப்பாகும். ஆனால் நெடுநேரம் இயங்கிய விருந்தினரிடம் ஒருசேர 512 துண்டுகள் காலியாகக் கிடைப்பது அரிது. அப்போது உள்ளிருக்கும் பக்கங்களை நகர்த்தி இடம் சேர்க்க வேண்டும்; அதற்குச் செயலியின் நேரம் செலவாகும். அதுவும் இயலாதபோது மீண்டும் சிறு பக்கங்களே கதி. மேலும், பெருந்தொகுதிகளைப் பலூன் எடுத்துக்கொண்டால், விருந்தினர் தன் சொந்த வேலைக்குப் பெரும்பக்கம் அமைக்க இடமின்றித் தவிப்பார் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, பலூனின் பக்கங்களையே இடம்பெயரச் செய்வது. முன்பு பலூன் பிடித்த பக்கம் ஆணியடித்தாற்போல் அசையாது இருந்து, சுற்றிலும் பெருந்தொகுதி உருவாகாமல் தடுத்து வந்தது. 2013இல் லினக்ஸில் அவற்றை நகர்த்தும் வழி ஏற்பட்டது.

மூன்றாவது, கேளாமலே கொடுப்பது. 2020இல் லினக்ஸில் சேர்ந்த ஒரு வசதியின்படி, தன்னிடம் காலியாக உள்ள பெருந்தொகுதிகளை விருந்தினரே சர்வருக்கு அவ்வப்போது அறிவித்துவிடுவார். முழுத் தொகுதியாகவே அறிவிப்பதால் பெரும்பக்கம் உடைவது பெரிதும் குறைகிறது.

நான் செய்த தீர்வு

அன்று எனக்கு இவற்றில் ஒன்றையும் அமைக்க நேரமில்லை. தேர்வாளரிடம் நடந்ததை ஒளிக்காமல் கூறினேன். எழுதிக் கொண்டிருந்த பதினைந்து பேரையும் சேமிக்கச் சொல்லி, எல்லா எந்திரங்களையும் நிறுத்தினேன். பலூனை மறந்துவிட்டு, தொடக்கத்திலேயே எந்திரம் ஒன்றுக்கு 3 ஜிகாபைட் என்று எழுதினேன். ஓர் எந்திரத்துக்கு 1,536 பெரும்பக்கங்கள். இருபது எந்திரங்களுக்கு 30,720. நான் ஒதுக்கியிருந்தவையும் மிகச் சரியாக 30,720தான்! இருபதும் எழுந்தன. முந்திய நாள் மாலை ஒரு துண்டுத் தாளில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தால், ஐந்து பேர் நின்றிருக்க வேண்டியதில்லை.

இழந்த ஐம்பது நிமிடங்களைத் தேர்வாளர் பெருந்தன்மையோடு கூட்டிக் கொடுத்தார். அந்த மாணவி மாலைப் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார், தேர்ச்சியும் பெற்றார்.

மாணவ நண்பர்களே! ‘பெரும்பக்கம் விரைவு தரும்’ என்பதும் உண்மை. ‘பலூன் இடம் தரும்’ என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்திருந்த நான், அவற்றைச் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அளவு மாறினால் கணக்கும் மாறும். கொடுப்பவர் எந்த அளவில் கொடுக்கிறாரோ, அதே அளவில் திரும்பப் பெற்றால்தான் அது கைக்கு வரும். ஒரு புதிய வசதியைக் கையாளுமுன், அதனால் யாருடைய இருக்கை பறிபோகக் கூடும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இப்போதெல்லாம் தேர்வுக்கு முந்திய நாள் மாலை இருபது எந்திரங்களையும் ஒருசேர இயக்கிப் பார்த்த பின்னரே நான் ஆய்வகத்தைப் பூட்டுகிறேன்.