நிழற்படத்தில் நிற்கும் புகைவண்டி

பழங்காலத்து அரசர்கள் எழுப்பிய கோயில்கள் கல்லாக நிற்கின்றன. அவர்களுடைய ஆணைகள் செப்பேடுகளாகவும் கல்வெட்டுகளாகவும் நமக்குக் கிடைக்கின்றன. ஆனால், நேற்று வரை நம்மைச் சுமந்து சென்ற புகைவண்டியோ சுவடின்றி மறைந்துவிடுகிறது. உழைத்து ஓய்ந்த எஞ்சின் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக எடைக்கு விற்கப்படுகிறது. பெட்டிகளின் கதியும் அதுவே. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட இடத்தை ஓரிரு மழைக்காலங்களில் புல் மூடிவிடுகிறது. ஆகவே, இருப்புப்பாதையின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு ஏடுகளுக்கு நிகரான சான்றாக விளங்குவது நிழற்படம். அத்தகைய படங்களுள் பெரும்பகுதியை எடுத்து வைத்தவர்கள், புகைவண்டியின்மீது கொண்ட பற்று ஒன்றே காரணமாகத் தம் பொருளையும் பொழுதையும் செலவிட்ட ஆர்வலர்கள். அவர்களுடைய படங்களைப் படிப்பது எங்ஙனம், காப்பது எங்ஙனம் என்பதைத் திருவனந்தபுரத்துப் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

திருவனந்தபுரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள புகைவண்டி உறவு தனித்தன்மை வாய்ந்தது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில், 1904-ஆம் ஆண்டில், செங்கோட்டையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்துகொண்டு கொல்லத்துக்கு மீட்டர்ப் பாதை வந்து சேர்ந்தது. திருவிதாங்கூர் நாட்டின் முதல் இருப்புப்பாதை அதுவே. 1918-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அப்பாதை தெற்கே நீண்டு, திருவனந்தபுரம் நகரின் மேற்புறத்திலுள்ள சாக்கை வரை வந்தது. அங்கிருந்து நகரின் நடுவிலுள்ள தம்பானூருக்கு வருவதற்கு மேலும் 13 ஆண்டுகள் பிடித்தன. இன்று நாம் காணும் கருங்கல் நிலையக் கட்டடம் 1931-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

இதில் ஒரு செய்தி நம் கருத்துக்குரியது. வடக்கே எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வரை 1956-ஆம் ஆண்டிலும், கோட்டயத்திலிருந்து கொல்லம் வரை 1958-ஆம் ஆண்டிலுமே பாதை அமைந்தது. எனவே 1918 முதல் 1958 வரை, நாற்பது ஆண்டுக் காலம், திருவனந்தபுரத்திலிருந்து வெளியுலகுக்குச் செல்ல ஒரே ஒரு புகைவண்டி வழிதான் இருந்தது. அது கொல்லம், புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிச் சீமையில் இறங்குகின்ற வழி. சாலைக் கடைத்தெருவுக்கு வணிகம் செய்ய வந்தவர்களும், அரசாங்க வேலைக்கும் கல்லூரிக்கும் வந்தவர்களும் எனத் தமிழர் பலர் அந்த மலைப்பாதை வழியாகவே வந்து சேர்ந்தனர். நாகர்கோவிலுக்கோ அந்நாளில் புகைவண்டியே இல்லை. 1979-ஆம் ஆண்டில்தான் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை அமைந்தது.

அந்த மீட்டர்ப் பாதை இன்று இல்லை. திருவனந்தபுரம்–எர்ணாகுளம் பாதை 1976-ஆம் ஆண்டில் அகலப் பாதையாயிற்று. அதன்பின் மீட்டர்ப் பாதை வண்டிகள் கொல்லத்தோடு நின்றன. 2010-ஆம் ஆண்டில் கொல்லம்–புனலூர்ப் பகுதி அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே சுமார் 49 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பகுதி பாதை மாற்றத்துக்காக மூடப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டில், அவ்வழியாக அகலப் பாதை வண்டிகள் ஓடத் தொடங்கின.

பாதையை அகலப்படுத்துவது என்றால் இரு தண்டவாளங்களைச் சற்றே தள்ளிப் போடுவது என்று நினைத்தல் கூடாது. மீட்டர்ப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் 1676 மில்லிமீட்டர். ஆகவே பழைய எஞ்சினும் பழைய பெட்டிகளும் புதிய பாதையில் கால்வைக்க இயலா. மலைக்குகைகளைப் பெருக்க வேண்டும். பாலங்களை வலுப்படுத்த வேண்டும். நடைமேடைகளை உயர்த்த வேண்டும். கழுதுருட்டிக்கு அருகில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதின்மூன்று கண் பாலம் வலுப்படுத்தப்பட்டு இன்றும் பணியாற்றுகிறது. ஆனால், அதன்மீது நூறாண்டுகளுக்கும் மேலாக ஊர்ந்த சிறு வண்டிகள் போய்விட்டன. பாதை மாற்றத்தால் மக்களுக்கு நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு தலைமுறையின் உலகம் அதனுடன் முடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. அந்த உலகத்தை நமக்குக் காட்டுவன படங்களே.

புகைவண்டிப் படங்கள் இருவகைப்படும். முதல் வகை, எஞ்சினைக் கட்டிய தொழிற்சாலைகளும் இருப்புப்பாதைக் கம்பெனிகளும் எடுத்தவை. தொழிற்சாலையார் புதிய எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் பூசி, பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுப்பர். கறுப்பு நிறத்தில் உறுப்புகள் தெளிவாக விளங்கா. சாம்பல் நிறத்தில் ஆணி முதல் சக்கரம் வரை அனைத்தும் தெரியும் என்பது காரணம். இவ்வகைப் படத்தில் இயந்திரம் உண்டு, வாழ்க்கை இல்லை.

இரண்டாம் வகை, ஆர்வலர்கள் எடுத்தவை. மழையில் நனைந்து நிற்கும் சிறு நிலையம், தண்ணீர்க் குழாயின்கீழ் தாகம் தணிக்கும் எஞ்சின், கரி தள்ளும் தொழிலாளியின் வியர்வை முகம், சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் குழந்தை ஆகியவற்றையெல்லாம் அவர்கள் பிடித்தார்கள். அது எளிய வேலை அன்று. பல ஆண்டுகள் வரை நிலையங்களிலும் பாலங்களிலும் முன் அனுமதியின்றிப் படம் எடுத்தல் தடைப்பட்டிருந்தது. பிலிம் சுருளோ விலை மிக்கது. மலைப்பகுதியில் ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் சிலவே. அவையும் வெயில் மறைந்த நேரத்தில் வந்தால் அன்றைய காத்திருப்பு வீண். இத்தனைக்கும் நடுவில் எடுக்கப்பட்டமையால்தான் நல்ல படங்கள் குறைவாக உள்ளன.

இனி, பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் அதன் வயதைக் கணிக்கும் முறையைக் காண்போம். முதலில் வண்டியின்மீது எழுதியுள்ள எழுத்துகளைப் பார்த்தல் வேண்டும். தென்னிந்திய ரயில்வே என்னும் பழைய கம்பெனி வேறு இரு அமைப்புகளோடு இணைந்து, 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் தென்னக ரயில்வே ஆயிற்று. தென்னக ரயில்வேயின் பெயர் தாங்கிய வண்டி அந்நாளுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. பெட்டியில் மூன்றாம் வகுப்புக் குறி காணப்பட்டால், அவ்வகுப்பு ஒழிக்கப்பட்ட 1974-ஆம் ஆண்டுக்கு முந்திய படம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். வண்டியின் எண் ஐந்து இலக்கமாக இருந்தால், அது 2010-ஆம் ஆண்டு டிசம்பருக்குப் பிற்பட்டது.

அடுத்துச் சக்கரங்களை எண்ணுதல் வேண்டும். மீட்டர்ப் பாதைப் பயணி வண்டிகளுக்கென 1949-ஆம் ஆண்டு முதல் வந்த ‘ஒய்.பி.’ வகை நீராவி எஞ்சினில் ஒரு பக்கத்தில் முன்னே இரு சிறு சக்கரங்களும், நடுவே மூன்று பெரிய சக்கரங்களும், பின்னே ஒரு சிறு சக்கரமும் இருக்கும். சரக்கு வண்டிக்கான ‘ஒய்.ஜி.’ வகையில் முன்னே ஒன்று, நடுவே நான்கு, பின்னே ஒன்று. இவ்வகை எஞ்சின் தோன்றும் படத்தைச் சுதந்திரத்துக்கு முற்பட்டது என்று எவரேனும் கூறினால், அது பொருந்தாது என்று நாமே சொல்லிவிடலாம். நிலையத்தின் பெயர்ப் பலகையும் ஒரு சாட்சி. நகரின் ஆங்கிலப் பெயரான ‘டிரிவாண்ட்ரம்’ 1991-ஆம் ஆண்டில் அரசாங்க முறையில் ‘திருவனந்தபுரம்’ என மாறியது. பலகையில் பழைய பெயர் இருப்பின், படம் அக்காலத்துக்கு முன்னதாகவோ அதனை ஒட்டியதாகவோ இருத்தல் வேண்டும்.

படம் காலத்தை மட்டும் அன்றித் தொழில் முறையையும் உணர்த்தும். புனலூர்–செங்கோட்டை மலைப்பகுதியில் எடுத்த படங்களில் வண்டியின் முன்னே ஓர் எஞ்சினும் பின்னே ஓர் எஞ்சினும் இருப்பதைக் காணலாம். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். ஏற்றம் மிகுந்த இடத்தில் ஒரு எஞ்சினின் வலிமை போதாது. மேலும், இணைப்பு அறுந்தால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாமல் பின் எஞ்சின் காக்கும். நூலில் ஒரு பக்கம் எழுதி விளக்க வேண்டியதைப் படம் ஒரு நொடியில் விளக்குகிறது.

திருவனந்தபுரத்தில் டிராம் ஓடியதில்லை. ஆயினும் கேரளத்தில் வேறு இரு சிறு பாதைகள் இருந்து மறைந்தன. சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காட்டுக்குச் சென்ற கொச்சி அரசின் வன டிராம்வே 1907-ஆம் ஆண்டு முதல் 1963-ஆம் ஆண்டு வரை தேக்குமரம் சுமந்தது. செங்குத்தான சரிவுகளில், மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும்போது அதன் எடையே வெறும் வண்டியைக் கம்பி வடத்தால் மேலே இழுத்தது. மூணாற்றில் தேயிலைக்காக 1908-ஆம் ஆண்டில் அமைந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அழிந்தது. அந்த ரயில் கொண்டுவந்த தேயிலை, மலையுச்சியிலிருந்து கம்பிவட வழியாகப் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கியது. சென்னையில் 1895-ஆம் ஆண்டு முதல் ஓடிய மின்சார டிராம் 1953-ஆம் ஆண்டிலும், பம்பாய் டிராம் 1964-ஆம் ஆண்டிலும் நின்றன. இவற்றையெல்லாம் இன்று நாம் கண்ணால் காண்பது எஞ்சிய படங்களில்தான்.

தனியொருவரின் ஆர்வம் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இந்தியாவில் தொழில் நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்த மைக்கேல் சாட்டோ என்னும் ஆங்கிலேயர் பழைய எஞ்சின்களின்மீது பெரும் பற்றுக் கொண்டவர். உடைக்கப்படவிருந்த எஞ்சின்களைத் தேடிக் காப்பதில் அவர் அளித்த துணை, 1977-ஆம் ஆண்டில் புதுதில்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறக்கப்படுவதற்கு உதவியது. சென்னைப் பெரம்பூரிலும் 2002-ஆம் ஆண்டு முதல் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. எனினும், எல்லா எஞ்சினையும் கூரையின்கீழ் வைத்தல் இயலாது. படத்தையோ ஒரு பெட்டியில் வைத்துக் காக்கலாம்.

ஆனால் அந்தப் பெட்டிக்கும் பகைவர்கள் உண்டு. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பிலிம் பூசணம் பூக்கும். வண்ணப் படம் வெளிறும். இவற்றினும் கொடிய பகை, குறிப்பு இல்லாமை. எடுத்தவர் உயிரோடு இருக்கும் வரை படம் பேசும். அவர் மறைந்தபின், இது எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்ல ஆள் இல்லை. பிள்ளைகள் அதனைக் குப்பையென்று எண்ணிவிடுவர். இக்காலத்திலோ படங்கள் கைப்பேசி வழியாக நொடியில் பரவுகின்றன. பரவும்போது தவறான ஊரும் தவறான ஆண்டும் ஒட்டிக்கொள்கின்றன. குறிப்பு இழந்த படம் வரலாற்றுக்கு உதவாது. பொய்க் குறிப்பு ஏற்ற படமோ வரலாற்றைக் கெடுக்கும்.

அயல் மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களில் வழியனுப்பும் படம் ஒன்றேனும் இருக்கும். மாலையுடன் நிற்கும் மணமக்கள், முதல் வேலைக்குச் செல்லும் மகன், பேரனைக் காண வந்து இறங்கும் பாட்டி ஆகியோருக்குப் பின்னால் ஒரு பெட்டியோ பெயர்ப் பலகையோ நிற்கும். குடும்பத்துக்கு அது உறவினர் படம். நாட்டுக்கு அது இருப்புப்பாதையின் ஆவணம். கொல்லம் மெயிலில் பயணம் செய்த முதியவர்கள் நம்மிடையே உள்ள இந்நாளிலேயே அவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டு, ஊர், ஆண்டு, வண்டியின் பெயர், எடுத்தவர் யார், நிற்பவர் யார் என்னும் ஐந்தையும் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வைத்தல் வேண்டும். மைப்பேனா மறுபக்கம் ஊறும். தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடுதல் நன்று. ஊகத்தை உண்மைபோல் எழுதலாகாது. நெகடிவ் இருப்பின் அதனை எறியாமல் உலர்ந்த இடத்தில் காகித உறையில் இடுக. கணினியில் பதிவு செய்தால் அங்கும் அதே குறிப்பைச் சேர்த்திடுக.

புதிதாகப் படம் எடுப்போர் ஒன்றை நினைவில் கொள்ளுதல் நலம். தண்டவாளத்தின்மீது நின்று படம் எடுப்பது குற்றமும் ஆகும். உயிருக்கு இறுதியும் ஆகும். நடைமேடையில் நின்று, விதிகளுக்கு உட்பட்டு எடுப்பதே முறை. தம்பானூர்க் கருங்கல் கட்டடமும், சிற்றூர் நிலையங்களின் பலகைகளும், இன்று ஓடும் சாதாரணப் பயணி வண்டியும் நாளைக்குப் பழம்பொருள்கள். இன்று எவரும் திரும்பிப் பாராத ஒன்றைப் படமாக்கி, அதன் பின்னே ஊரையும் நாளையும் எழுதி வைப்பவர், தாம் அறியாமலே வரலாற்று ஆசிரியர்க்கு உதவுகிறார். நம் வீட்டுப் பெட்டியில் பேசாமல் கிடக்கும் படங்களுக்கு இந்த வாரமே பெயர் எழுதத் தொடங்குவோமாக.