சர்வரை எப்போது, எவ்வளவு புதுப்பிப்பது?

மதிப்பெண் பதிவு, இணையவழித் தேர்வு, பாடப்பொருள் சேமிப்பு என்று பள்ளிப் பணிகள் பலவும் இன்று ஏதோ ஒரு சர்வரை நம்பியுள்ளன. இயக்க அமைப்பு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அதன்மேல் இயங்கும் செயலி புதிய வசதிகளைப் பெறவும் வேண்டும். இவ்விரண்டும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. சர்வரை நேரடியாகப் பராமரிக்காத ஆசிரியரும் இதை அறிந்திருந்தால், பொறுப்பாளரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

‘நிலையானது’ என்றால் என்ன?

ஆரோவில், மரக்காணம் பகுதிகளை உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டத்தின் தலைநகரில், 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியன் இயக்க அமைப்புக்கான மினி டெப்கான்ஃப் மாநாடு நடைபெற்றது. அரசு வழங்கிய மாணவர் மடிக்கணினிகளில் நாம் கண்ட ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகிறது. வெளியான பின் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்புகள் பெரும்பாலும் மாறுவதில்லை. பாதுகாப்புக் குறை தெரியவந்தால், அதற்கான திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பிலேயே சேர்க்கிறார்கள். எனவே ‘நிலையானது’ என்றால் ‘தொடாமல் விட்டது’ என்று பொருளல்ல. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவியே ஆக வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது?

2021 ஆகஸ்டில் வெளியான டெபியன் 11-இல் உள்ளது பிஎச்பி 7.4. கற்றல் மேலாண்மைச் செயலியான மூடில் 4.1 அதில் இயங்கும். ஆனால் 2023 ஏப்ரலில் வந்த மூடில் 4.2-க்குக் குறைந்தது பிஎச்பி 8.0 தேவை. சரி, பிஎச்பி 8.2 உள்ள டெபியன் 12-க்கு மாறிவிடலாமா? மூடில் 4.1 ஏற்பது பிஎச்பி 8.1 வரை மட்டுமே. செயலியை மட்டும் மாற்றினாலும் சிக்கல். இயக்க அமைப்பை மட்டும் மாற்றினாலும் சிக்கல்.

மூன்று வழிகள்

1. காத்திருத்தல்: மூடில் 4.1 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2025 டிசம்பர் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்பட்டன. இத்தகைய பதிப்பில், புதிய வசதி கட்டாயம் இல்லையெனில், ஆதரவு முடியும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு அதுவரை தொடரலாம்.

2. தனியே பிரித்தல்: செயலியையும் அதற்குத் தேவையான பிஎச்பியையும் ஒரு கண்டெய்னருக்குள் வைத்தால் அடியிலுள்ள இயக்க அமைப்பு மாறாது. ஆனால் கண்டெய்னருக்குள் இருப்பவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு நம்முடையதாகிவிடும்.

3. இரண்டையும் சேர்த்து மாற்றுதல்: முதலில் வேறொரு கணினியில் முழுவதும் சோதித்த பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

தவிர்க்க வேண்டியதும் ஒன்றுண்டு. கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் புதிய மென்பொருள்களை எடுத்து நிலையான அமைப்பில் கலந்தால், அடுத்த புதுப்பிப்பின்போது எது எதை உடைக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது.

காலம் அறிந்து செய்தல்

மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளைச் செப்பனிடுவார்கள். உப்பு விளையும் நாளில் வரப்பை வெட்டிப் பார்ப்பதில்லை. பெரிய பதிப்பு மாற்றங்களுக்கும் கோடை விடுமுறையே உகந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம்.

தொடங்கும் முன் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை:

- காப்புநகல் எடுத்தாயிற்றா? அதை மீட்டெடுத்துப் பார்த்தாயிற்றா?
- இப்போதுள்ள பதிப்பு எண்கள் எழுதிவைக்கப்பட்டுள்ளனவா?
- இயக்க அமைப்புக்கும் செயலிக்கும் ஆதரவு எப்போது முடிகிறது?
- புதியது சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி?

இந்த நான்கிற்கும் விடை கிடைத்த பிறகு தொடங்கினால், மாணவர்களின் ஓராண்டு உழைப்பின் பதிவுகளுக்கு ஆபத்து வராது. மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் கற்பிப்போர், மூடில், பிஎச்பி, டெபியன் ஆகியவற்றின் சார்புநிலையை மாணவர்களையே வரைபடமாக வரையச் செய்யலாம். எதை மாற்றினால் எது பாதிக்கப்படும் என்பது அவர்களுக்குத் தெளிவாக விளங்கும்.