கணனி பெரியவர்களுக்கும் உரியதே!

எம்மவர் வீடுகளில் கணனி பெரும்பாலும் பிள்ளைகளின் மேசையிலேயே இருக்கிறது. அகதி விண்ணப்பமோ வைத்தியசாலைக் கடிதமோ, எது வந்தாலும் பாடசாலை விட்டுப் பிள்ளை வரும்வரை பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். தாயின் நோயைப் பற்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாசித்துச் சொல்ல வேண்டிய நிலை நல்லதல்ல.

கண் பார்வை மங்கியவர்களும் போரில் கையை இழந்தவர்களும்கூடக் கணனியைத் தாமே இயக்கலாம். இதற்கான வசதிகள் சில 1995இல் வெளியான விண்டோஸ் 95 முதலே கணனிக்குள் உள்ளன. தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கையால் தட்டுபவர்கள் ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்துங்கள். திரையில் வரும் கேள்விக்கு "ஆம்" என்றால், ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம்.

எழுத்துச் சிறிதாகத் தெரிகிறதா? விண்டோஸ் விசையைப் பிடித்தபடி கூட்டல் குறியை அழுத்துங்கள். திரை பெரிதாகும். கழித்தல் குறி பழையபடி சிறிதாக்கும்.

மவுசைப் பிடிக்கக் கை நடுங்கினால் 'டிராக்போல்' வாங்கலாம். அது மேசையில் அசையாமல் இருக்கும். அதன் மேலுள்ள பந்தை விரலால் உருட்டினால் போதும். தமிழில் தட்டுவோருக்கு விசைகளில் ஒட்டும் தமிழ் எழுத்துகளும் கிடைக்கின்றன.

முதலில் கணனிக்குள் இருப்பதைப் பயன்படுத்திப் பாருங்கள். போதாவிட்டால் மட்டும் கடைக்குப் போகலாம். பிள்ளைகளே, இந்த வார இறுதியில் அம்மம்மாவுக்கும் அப்பாவுக்கும் இவற்றைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். தம் கடிதத்தைத் தாமே வாசிப்பது அவர்களது உரிமை.