வேதிவினைகளின் வேகத்தைத் தீர்மானிப்பது எது?

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாளைச் சுற்றிலும் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டும் வினைபுரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகி, வெப்பம் வெளிப்படும். ஆற்றல் கணக்குப்படி இவ்வினை தாராளமாக நடக்கலாம். ஆயினும் தாள் தானாக எரிவதில்லை. பல ஆண்டுகள் நூலகத்தில் இருந்து மெல்லப் பழுப்பேறுவதோடு சரி. ஒரு தீக்குச்சியைக் காட்டினாலோ சில நொடிகளில் சாம்பலாகிவிடுகிறது. ஒரு வினை நடக்கக்கூடியதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு விரைவாக நடக்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு இங்கு விடை காண்போம்.

மோதலும் மலையும்

வேதிவினை நடைபெற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். மோதினால் மட்டும் போதாது. பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியவை உருவாகும் அளவுக்கு ஆற்றலோடும், தகுந்த கோணத்திலும் மோத வேண்டும். இதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றலே கிளர்வு ஆற்றல். இதனை இரண்டு ஊர்களுக்கு இடையே நிற்கும் மலைக்கு ஒப்பிடலாம். அடுத்த ஊர் பள்ளத்தில் இருந்தாலும், மலையேறாமல் அங்குப் போக முடியாது. தீக்குச்சி தருவது அந்த முதல் ஏற்றத்திற்கான ஆற்றலைத்தான். பிறகு, எரியும் தாளின் வெப்பமே எஞ்சிய மூலக்கூறுகளை ஏற்றிவிடுகிறது.

பத்து டிகிரியின் கணக்கு

வெளியில் வைத்த தோசைமாவு ஓர் இரவில் புளித்துப் பொங்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்குகிறது. மாவிலுள்ள நுண்ணுயிர்களுக்குள் நடக்கும் வினைகள் குளிரில் மந்தமடைவதே காரணம். அறை வெப்பநிலையை ஒட்டி 10 டிகிரி செல்சியஸ் கூடினால், பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்று பள்ளியில் படித்திருப்போம்.

இதில் ஒரு புதிர் உண்டு. ஒரு வாயு 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குச் சூடேறும்போது, அதன் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 விழுக்காடுகூட உயர்வதில்லை. அப்படியிருக்க, வினையின் வேகம் மட்டும் 100 விழுக்காடு கூடுவது எப்படி?

1889-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாண்டே அர்ஹீனியஸ் இதற்கு வழிகாட்டினார். எல்லா மூலக்கூறுகளும் வினையில் ஈடுபடுவதில்லை. போதிய ஆற்றல் பெற்ற சிலவே ஈடுபடுகின்றன. வெப்பநிலை சற்றே உயர்ந்தாலும் அந்தச் சிறுபான்மையின் எண்ணிக்கை வெகுவாகப் பெருகிவிடுகிறது. கிளர்வு ஆற்றல் மோலுக்கு 53 கிலோஜூல் எனில், மேற்கண்ட 10 டிகிரிக்கு வேகம் இருமடங்காகும். 100 கிலோஜூல் எனில் மூன்றரை மடங்கைத் தாண்டும். மலை உயர உயர, வெப்பத்தின் செல்வாக்கும் கூடுகிறது.

மருந்து கெடுவதும் வேதிவினையே. நம் வட்டாரத்தில் விற்கப்படும் பல மருந்துகளில் '30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். காலாவதித் தேதி அந்த நிபந்தனைக்கு உட்பட்டதே. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியை எட்டக்கூடும். அந்த 20 டிகிரி வேறுபாட்டில் மருந்து சிதையும் வேகம் நான்கு மடங்காகலாம். கிளர்வு ஆற்றல் மிகுந்த வினையானால் பத்து மடங்கையும் மிஞ்சலாம். பெற்றோரின் மருந்துப் பையைக் காரில் விட்டுவரும்முன் இக்கணக்கை நினைவிற்கொள்வது நல்லது.

செறிவும் பரப்பும்

மோதல்களின் எண்ணிக்கை கூடினாலும் வேகம் கூடும். செறிவு மிகுந்தால் மூலக்கூறுகள் அடிக்கடி சந்திக்கும். திடப்பொருளில் மேற்பரப்பே களம். 1 சென்டிமீட்டர் கனசதுரத்தை 0.1 மில்லிமீட்டர் துகள்களாக்கினால், அதன் பரப்பு 6 சதுர சென்டிமீட்டரிலிருந்து 600 ஆகிறது. 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு ஆலை வெடித்துச் சிதறி 18 பேர் மாண்டனர். காற்றில் பறந்த மாவுத் தூசியே அங்கு வெடிமருந்தானது.

மலையைக் குடைந்து ஒரு பாதை

வினையூக்கி மலையைத் தகர்ப்பதில்லை. குறைந்த உயரத்தில் மாற்றுப்பாதை அமைக்கிறது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இணைந்தால் உரத்திற்கு அடிப்படையான அம்மோனியா கிடைக்கும். ஆனால், நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பு எளிதில் உடையாது. சூடேற்றினால் வேகம் கூடும். கிடைக்கும் அம்மோனியாவின் அளவோ குறைந்துவிடும். ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் 1909-இல், வினையூக்கியையும் உயர் அழுத்தத்தையும் கொண்டு இச்சிக்கலுக்கு வழி கண்டார். மலிவான இரும்பு வினையூக்கியை ஆல்வின் மிட்டாஷ் குழுவினர் உருவாக்கிய பின், 1913-இல் ஓப்பாவ் நகரில் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு இவ்வினையை நம்பியுள்ளது என்பது மதிப்பீடு.

நம் உடலின் வினையூக்கிகளான நொதிகள் இதனினும் வியப்பானவை. மரபணுப் பொருளுக்கான ஒரு கூறினை உருவாக்கும் வினை, நொதியின்றிப் பாதியளவு முடியவே 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும் என 1995-இல் கணக்கிடப்பட்டது. நொதியின் துணையோடு அது ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

ஆக, தடை எப்போதும் பகையல்ல. கிளர்வு ஆற்றல் என்னும் மலை நிற்பதால்தான் ஆக்சிஜன் சூழ்ந்த உலகில் காடும் நூலும் நம் உடலும் எரியாமல் நிலைக்கின்றன. தேவையான இடத்தில் மட்டும் நொதிகள் அதைக் குடைவதால்தான் நாம் உயிர் வாழ்கிறோம்.