ஆறும் ஆறும் பன்னிரண்டு

பல மாதங்கள் பாடசாலை விட்டுப்போன பிள்ளை மீண்டும் வகுப்பில் அமரும்போது கணக்கிலேதான் பெரிதும் தடுமாறுகிறது. ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டால் ஒன்றிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கும். பத்து விரலும் முடிந்ததும் திகைத்து நிற்கும். வகுப்போ அதற்காகக் காத்திருப்பதில்லை. “எங்களுக்கே படிப்பில்லை, நாங்கள் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. கொப்பியும் கரும்பலகையும் இல்லாமலே நாம் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அதுதான் இரட்டிப்பு, அதாவது ஓர் எண்ணை அதே எண்ணோடு கூட்டுவது.

இரண்டில் தொடங்க வேண்டாம். இரண்டை இரட்டித்தாலும் நான்கு, இரண்டோடு இரண்டைச் சேர்த்தாலும் நான்கு. இதனால் இரட்டிப்பு என்றால் எப்போதும் இரண்டைக் கூட்டுவது என்று பிள்ளை நினைத்துவிடும்; ஆறின் இரட்டிப்பு எட்டு என்று சொல்லும். மூன்றில் தொடங்குவோம். எங்கள் அடுப்புக்கு மூன்று கல், பக்கத்து வீட்டு அடுப்புக்கு மூன்று கல், ஆக ஆறு கல். இரண்டு பசுவுக்கு எட்டுக் கால். மாடுகளை விட்டுவிட்டு வந்தாலும் அவற்றின் கால்களைப் பிள்ளை மறந்திராது. இரண்டு கை சேர்ந்தால் பத்து விரல். இரண்டு எறும்புக்குப் பன்னிரண்டு கால். இரண்டு கிழமைக்குப் பதினான்கு நாள். இரண்டு சிலந்திக்குப் பதினாறு கால். ஒன்பதுக்கு இருவர் வேண்டும்: இருவரும் பத்து விரலையும் நீட்டி ஆளுக்கொன்றை மடக்கினால், இருபதில் இரண்டு குறைந்து பதினெட்டு.

வெறுமனே பாடமாக்கினால் பயனில்லை. மணலில் ஒரு கோடு கீறி, ஒரு பக்கத்தில் ஆறு புளியங்கொட்டை வையுங்கள். மறுபக்கத்தில் ஒன்றுக்கு நேரே ஒன்றாகப் பிள்ளையே வைக்கட்டும். (குன்றிமணி வேண்டாம், கடித்து விழுங்கினால் நஞ்சு.)

இனித்தான் முக்கியமான விடயம். ஒரு பக்கத்தில் இன்னொரு கொட்டையை வைத்து, “இப்போது எத்தனை?” என்று கேளுங்கள். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்பது மனதிலிருந்தால், ஆறும் ஏழும் பதின்மூன்று என்று பிள்ளை தானே சொல்லும். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் அவசரப்படுத்தாமல், ஆறுக்கு ஆறாக இருக்கும் கொட்டைகளைக் கையால் மூடிவிட்டு மீண்டும் கேளுங்கள். ஆறும் எட்டும் வரும்போது எட்டிலிருந்து ஒரு கொட்டையைக் கோட்டுக்கு இப்பால் நகர்த்தினால் ஏழும் ஏழும் ஆகிவிடும்.

1 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 81 கணக்குகள். அவற்றில் இரட்டிப்பு 9, ஒன்று வித்தியாசப்படுபவை 16, இரண்டு வித்தியாசப்படுபவை 14. ஒன்பது இரட்டிப்புகளை அறிந்த பிள்ளைக்கு 39 கணக்குகள், ஏறக்குறைய அரைவாசி, கைவசமாகும்.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். மூத்த பிள்ளையும் சொல்லிக் கொடுக்கலாம். விரல்விட்டு எண்ணுவதற்காகப் பிள்ளையை ஏச வேண்டாம். இரட்டிப்பு பிடிபட்டபின் அது தானாகவே நின்றுவிடும்.